மறதி ஆய்வுக்கு அப்பா, அம்மாவை அனுப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறதி இருப்பதாகச் சொல்லும் முதியவர்களை மருத்துவ ஆய்வுகளில் சேர்ப்பது என் வேலை. சில நாள் சிங்கப்பூரின் தேக்காவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன், சில நாள் சமூக மன்றத்தில் பேசுவேன், மற்றபடி தொலைபேசிதான். அழைப்பவர்களில் பெரும்பாலோர் மகனோ மகளோதான். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு வெறும் மறதிதான், மறதிநோய் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் எதற்கு ஆய்வு?

பல ஆய்வுகள் தேடுவதே அப்படிப்பட்டவர்களைத்தான். மறதியை மூன்று படிகளாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். முதல் படியில், சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அவருக்கே “நான் முன்ன மாதிரி இல்ல” என்று தோன்றும். அடுத்தது லேசான அறிவாற்றல் குறைபாடு. சோதனையில் குறை தெரியும், ஆனாலும் அன்றாட வேலைகளை அவரே பார்த்துக்கொள்வார். மூன்றாவதுதான் மறதிநோய், அதாவது டிமென்ஷியா. அதில் சமையல், பணம், மருந்து போன்ற காரியங்களுக்குப் பிறர் துணை வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு படிகளில் இருப்பவர்கள் எல்லோரும் மூன்றாவதுக்குப் போவதில்லை. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், சிலருக்குச் சரியாகியும் விடுகிறது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, காது மந்தம், சில மாத்திரைகள் என்று மறதிக்குக் காரணம் பல. ஆனால் மறதிநோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயாக இருந்தால், அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிவது அறிகுறி தெரிய 15, 20 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் முதல் படியில் இருப்பவர்களைத் தேடி அலைகிறார்கள். வீட்டு வாசலில் நாற்பது வருடமாகப் போடும் கோலத்தில் திடீரென்று புள்ளிக் கணக்கு தப்புகிறது என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். பிள்ளைகள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

வயசானால் மறதி வரத்தானே செய்யும்?

பெயர் சட்டென்று வாயில் வராதது, கண்ணாடியைத் தேடுவது எல்லாம் வரும். மறதிநோய் அப்படியில்லை, அது எல்லோருக்கும் வருவது கிடையாது. சிங்கப்பூரின் மனநலக் கழகம் நடத்திய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் 2013இல் 10 விழுக்காடு, 2023இல் 8.8 விழுக்காடு. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு இல்லை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. நோய் இருந்தும் கண்டறியப்படாதவர்கள் 2013இல் பத்தில் ஏழு பேர், 2023இல் ஏறக்குறைய பாதிப் பேர். “வயசானா இப்படித்தான்” என்ற பேச்சுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் எண்ணம்.

தமிழர்கள் ஏன் முக்கியம்? யாரிடம் ஆய்வு செய்தாலும் மூளை ஒன்றுதானே?

மூளை ஒன்றுதான், ஆனால் அதைச் சோதிக்கும் கேள்விகள் ஒன்றல்ல. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. ஆயிரம் பேரைச் சேர்க்கும் ஆய்வில் நம் பங்கு தொண்ணூறு பேர் வந்தால் பெரிது. அதிலும் தமிழில் மட்டுமே சரளமாகப் பேசும் முதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ‘தமிழ் பேசும் முதியவருக்கு எது இயல்பான மதிப்பெண்’ என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சம்பவம். கனடாவின் மொன்றியாலில் உருவாகி, 2005இல் வெளியாகி, இப்போது உலகெங்கும் புழங்கும் மோக்கா என்ற 30 மதிப்பெண் அறிவாற்றல் சோதனையை நம் அக்கா ஒருவருக்கு நடத்தினார்கள். தமிழ் தெரியாத ஊழியர், பக்கத்தில் உதவிக்கு நான். “இது என்ன மாதம், என்ன தேதி?” என்று கேட்டோம். அக்கா யோசிக்கவே இல்லை, “ஆடி பதினாலு” என்றார். ஊழியர் பேனாவை எடுத்துத் தவறு போடப் போனார். அன்று ஜூலை 30, ஆடி பதினாலேதான்! அவர் வீட்டுச் சமையலறையில் தொங்குவது தினசரி நாள்காட்டி, அதில் அவர் பார்ப்பது தமிழ்த் தேதி. மாதமும் தேதியும் தவறென்றால் இரண்டு மதிப்பெண் போய்விடும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அந்த இரண்டு போதும், கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட.

பள்ளிப் படிப்பும் அப்படித்தான். இங்கே தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள், ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள், தோட்டத்தில் பிறந்து பள்ளிக்கே போகாதவர்கள் எல்லோரும் இப்போது ஒரே வயதுக்காரர்கள். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் ஒருவர் தமிழில் கணக்கிடுவார், இன்னொருவர் சந்தை மலாயில் கணக்கிடுவார். யாருக்கு மறதி, யாருக்குப் பழக்கமில்லை என்று பிரித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும்.

இது நாம் மட்டும் படும் பாடு அல்ல. மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்பதால், 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு ‘10/66’ என்றே பெயர் வைத்தார்கள். சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தார்கள். மேலே சொன்ன மனநலக் கழக ஆய்வும் அந்த முறையைப் பின்பற்றியதுதான்.

“ஆய்வு”ன்னு சொல்லி போன் வருகிறது. மோசடி இல்லையென்று எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், முதலில் விசாரியுங்கள். ஒருமுறை நானே அழைத்தபோது ஒரு தாத்தா, “போன வாரம்தான் ஒருத்தன் போலிஸ்னு சொன்னான், இப்ப நீ ஆஸ்பத்திரின்னு சொல்றியா?” என்று வைத்துவிட்டார். அவர் செய்தது சரி.

சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வராது. வெளிநாட்டிலிருந்து வருவதற்குத்தான் அது வரும். எங்களைப் போன்றவர்கள் வங்கிக் கணக்கு, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம், ஓடிபி என்ற ஒருமுறைக் கடவுச்சொல் எதையும் தொலைபேசியில் கேட்க மாட்டோம். எங்கிருந்து பேசுகிறோம், முதன்மை ஆய்வாளர் யார், ஆய்வு முறையானதா என்று பரிசீலிக்கும் எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, அனுமதி எண் என்ன என்று கேளுங்கள். அப்புறம் போனை வைத்துவிட்டு, அந்த மருத்துவமனையின் அல்லது பல்கலைக்கழகத்தின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்து விசாரியுங்கள். இதற்குக் கோபப்படுகிற ஒருங்கிணைப்பாளர் வேறு வேலை பார்க்கலாம். சந்தேகம் தீராவிட்டால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799 இருக்கிறது.

உங்கள் எண் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் தாராளமாகக் கேட்கலாம். முறையாக நடக்கும் இடத்தில், உங்களைப் பார்க்கும் மருத்துவரோ தாதியோ முதலில் சம்மதம் கேட்டிருப்பார், அல்லது நீங்களே ஏதாவது ஒரு நிகழ்ச்சியில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

அப்பாவை எலி மாதிரி வைத்து மருந்து சோதிப்பார்களா?

மருந்து ஆய்வும் உண்டு. ஆனால் நான் ஆள் சேர்ப்பதில் பெரும்பகுதி மருந்தே இல்லாதவை. கவனிப்பு ஆய்வில் சோதனை, இரத்தம், சில நேரம் மூளைப் படம் எடுத்து, வருடம் ஒருமுறையோ என்னவோ திரும்ப வரச் சொல்வார்கள். வாழ்க்கைமுறை ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை இப்படி இரண்டு ஆண்டுகள் வைத்துப் பார்த்த ‘ஃபிங்கர்’ ஆய்வு 2015இல் வெளியானது. பயிற்சி பெற்ற குழுவின் அறிவாற்றல் சோதனை முடிவுகள் மேலாக இருந்தன. அதை ஒட்டி இங்கே வந்ததுதான் ‘சிங்கர்’ ஆய்வு. பெயரைக் கேட்டதும் பாட்டுப் போட்டி என்று நினைத்து வந்தவர்களும் உண்டு, தையல் மெஷினா என்று கேட்டவர்களும் உண்டு.

மருந்து ஆய்வாக இருந்தால், உங்கள் அப்பாவுக்குக் கிடைப்பது நிஜ மருந்தா, மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது, பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியாது. அவருக்கு நல்லது எது என்று பார்த்துக் கொடுப்பது சிகிச்சை. ஆய்வில் கேள்விக்கு விடை தேடுகிறார்கள். தன் மருத்துவரே ஆய்வையும் நடத்தும்போது இந்த வித்தியாசம் பலருக்கு மங்கிவிடுகிறது, “டாக்டர் சொல்லிட்டாரு, நல்லதுக்குத்தான் இருக்கும்” என்று தலையாட்டிவிடுகிறார்கள். வேண்டாமென்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும். இதை மருத்துவர் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டுவிடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் முடியாது.

சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம், ஒருவருக்குத் தானே முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றுதான் தொடங்குகிறது. இல்லையென்றால் அதை நிறுவிக் காட்ட வேண்டும். மறதி இருக்கிறது என்பது மட்டும் போதாது. சொல்வது புரிகிறதா, முடிவெடுக்கும் அளவுக்கு அது மனதில் நிற்கிறதா, நல்லது கெட்டது எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்று நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோனவர் இன்றைக்கு இந்த நான்கையும் நன்றாகச் செய்யலாம்.

நான் செய்வது இது. படிவம் இருபது பக்கம் இருக்கும், அதைப் படித்துக் காட்டினால் யாருக்கும் தூக்கம் வரும். அதனால் மூடி வைத்துவிட்டுப் பேச்சுத் தமிழில் சொல்வேன். பிறகு, “அய்யா, வீட்ல அம்மா கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?” என்பேன். “ரெண்டு தரம் வரணும், ரத்தம் எடுப்பாங்க, படம் புடிப்பாங்க, புடிக்கலேன்னா நிறுத்திக்கலாம், எனக்கு மருந்து ஒண்ணும் கெடைக்காது” என்று அவர் தன் வாயால் சொன்னால் எனக்குத் திருப்தி. “நீங்க என்ன சொல்றீங்களோ சரி தம்பி” என்றால், அது சம்மதமாகாது. மரியாதைக்குச் சொல்கிறார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவேன்.

ஒருமுறை மகள் அழைத்து வந்திருந்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மகளே பதில் சொன்னார். அப்பா மேசையிலிருந்த காப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன். கதவு மூடியதும் அவர் கேட்டது: “இதுல பாஸ் ஆகலேன்னா வீட்ட விட்டு அனுப்பிருவாங்களா?” அவர் மனதில் அது முதியோர் இல்லத்துக்கான தேர்வு. அன்று அவர் சேரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே அழைத்துச் சேர்ந்தார்.

மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் 2015, ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரை ஆய்வில் சேர்ப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஊசி போடுவது போன்றவை உள்ள ஆய்வுக்குச் சம்மதம் எழுத்தில், சாட்சி முன்னிலையில் இருக்க வேண்டும். திறன் உண்மையாகவே போய்விட்டவர்களைச் சேர்க்கவும் வழி உண்டு. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த ஆய்வை அதே பயனோடு செய்ய முடியாது என்று நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும், சட்டம் சொல்லும் உரிய நபர் சம்மதிக்க வேண்டும். அப்போதும்கூட, ஊசியைப் பார்த்ததும் பாட்டி கையை இழுத்துக்கொண்டால் நான் அன்றைக்கு நிறுத்திவிடுவேன்.

ஒரு வேண்டுகோள்: பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த ஊழியரைக் கேளுங்கள். “உங்க தாத்தாவுக்குச் சிறுநீர் கட்டுப்பாடு இருக்கா?” என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை எப்படிக் கேட்பான்?

கூட யார் வர வேண்டும்?

நிறைய ஆய்வுகளுக்கு அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் தேவை. மறந்தவருக்கே தான் மறந்தது தெரியாமல் இருக்கலாம் அல்லவா? வாரத்தில் இத்தனை மணி நேரமாவது அவரோடு இருப்பவர் என்று ஒரு நிபந்தனை இருக்கும், அது ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கும் மகனைவிட, அடுத்த கதவுப் பக்கத்து வீட்டுக்காரர் அதிகம் சொல்வார். பணிப்பெண் இன்னும் அதிகம் சொல்வார், மருந்து எத்தனை தடவை தவறியது என்று அவருக்குத்தான் தெரியும். அவரைத் துணையாக ஏற்பார்களா என்பது அந்தந்த ஆய்வைப் பொறுத்தது. முதலாளியம்மா பக்கத்திலிருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எம்ஆர்ஐக்குத் தாலியைக் கழற்ற வேண்டுமாமே?

ஆமாம். எம்ஆர்ஐ வலுவான காந்தத்தை வைத்துப் படம் எடுக்கும் ஸ்கேன், அதனால் எல்லா உலோகமும் வெளியே. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் நகைத் தங்கத்தில் வேறு உலோகம் கலந்திருக்கும், கொக்கியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சூடாகலாம், படமும் கெடும். ஸ்கேன் அறை வாசலில் வந்து இதைச் சொன்னால் எந்த ஆன்ட்டிதான் ஒப்புக்கொள்வார்? கண்ணீரோடு திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பு எங்களுடையது. இப்போது ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிப் போட்டுக்கொண்டு, சங்கிலியைப் பெட்டியில் வைத்துவிட்டு வருகிறார்கள். மெட்டிக்கும் மூக்குத்திக்கும் சோப்பு நீர் போட்டு வீட்டிலேயே முயன்று பாருங்கள். வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்தி ஐந்து நிமிடத்தில் வராது.

ஆண்களிடம் நான் கேட்பது வேறு. கப்பல் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தீர்களா, எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் போனதா? செம்பவாங் பக்கம் இருக்கும் தாத்தாக்களில் பலர் “அது அந்தக் காலத்துல தெனமும்தான்” என்பார்கள். கண்ணுக்குள் துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திவிடும். மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள், இதய பேஸ்மேக்கர் இருந்தாலும்தான்.

மற்றபடி எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது. சத்தம்தான் அதிகம், அரை மணி முதல் ஒரு மணி வரை அசையாமல் படுக்க வேண்டும். பெட் (PET) என்ற இன்னொரு வகை ஸ்கேனில் மட்டும் சிறிதளவு கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள்.

முடிவை எங்களிடம் சொல்வார்களா? காப்பீட்டில் பிரச்சினை வருமா?

ஆய்வுக்காகச் செய்யும் பல சோதனைகளுக்குத் தனிநபர் முடிவு தரமாட்டார்கள், அவை நோயைக் கண்டறிய அனுமதிக்கப்பட்டவை அல்ல. எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால், உதாரணமாகப் படத்தில் கட்டி போலத் தெரிந்தால், தனக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று சம்மதப் படிவத்திலேயே கேட்கப்படும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு டிக் போடாதீர்கள், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

மரபணுச் சோதனை பற்றி: சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டுச் சங்கமும் 2021இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஆராய்ச்சியில் கிடைத்த, இனிமேல் நோய் வர வாய்ப்புண்டா என்று சொல்லும் முன்கணிப்பு மரபணு முடிவுகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தக் கூடாது. ஆனால் மருத்துவர் மறதிநோய் என்று கண்டறிந்து சொன்னால் அது வேறு கதை, விண்ணப்பத்தில் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்.

பணம் கிடைக்குமா?

போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு சிறு தொகை, அல்லது ஃபேர்பிரைஸ் பேரங்காடி வவுச்சர். எவ்வளவு என்பதையும் நெறிமுறைக் குழுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். பணத்துக்காகவே வரும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது கொள்கை. நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடுவில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல். அதுவரை எடுத்த தகவலும் இரத்தமும் என்னவாகும் என்று படிவத்தில் இருக்கும், சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

அம்மாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு என்ன குறை?

குறையொன்றுமில்லை. வயது ஒரு வருடம் கூடுதல், பழைய பக்கவாதம், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருப்பது, இப்படி ஏதோ ஒன்று. ஆனால் “நீங்க செலக்ட் ஆகல” என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போவது கொடுமை. அவர் வந்தது மறதிக் கவலையோடு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டச் சொல்லி எழுதியாவது தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நான் கோயிலில் தொண்டூழியர். ஆள் சேர்க்க எப்படி உதவலாம்?

பெயர்ப் பட்டியல் தராதீர்கள், அது மற்றவர்களின் தனிப்பட்ட தகவல். ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் தாருங்கள், போதும். முதன்முதலில் நாங்கள் ஒட்டிய சுவரொட்டியில் ‘மறதி உள்ள முதியவர்கள் தேவை’ என்று போட்டிருந்தோம். அன்னதான வரிசையில் எல்லோரும் அதைப் படித்தார்கள், ஒருவர்கூட மேசைக்கு வரவில்லை. நண்பர்கள் பார்க்கும்போது அந்தப் பலகைக்குக் கீழே யார் போய் நிற்பார்? அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வைத்து, ‘மூளை நலம் பற்றிப் பேசலாம்’ என்று மாற்றினோம். கை நீட்டி உட்கார்ந்தவர்கள் தாமாகவே ஆரம்பித்தார்கள்: “தம்பி, இப்பல்லாம் பேரு மறந்துபோகுது...”

வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் காது கேட்காது. மாலையைவிடக் காலை நல்லது.

அன்றைக்கு என்ன எடுத்து வர வேண்டும்?

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில், சித்த மருந்தும் லேகியமும் உள்பட. படிக்கும் கண்ணாடி. காது கருவி இருந்தால் அதற்குப் புது பேட்டரி. கேட்காத காதைத்தான் பல தடவை மறதி என்று எழுதிவிடுகிறார்கள். எடுக்கும் இரத்தம் மூன்று நான்கு தேக்கரண்டி அளவு இருக்கலாம், வெறும் வயிற்றில் வரச் சொன்னால் முடிந்ததும் சாப்பிட இட்லியோ பிஸ்கட்டோ. விரத நாளாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் அறைக்குள் குளிர் அதிகம், ஒரு சால்வையும் வைத்துக்கொள்ளுங்கள், ஜரிகை இல்லாததாக.